ஆறாம் நாள்: புலோன் மீனும் கொண்டுவரக் கூடாத சீஸும்

ஐந்தாம் நாள், வெள்ளி இரவு

நாளைக்கு லண்டன் மகள் வீட்டிலிருந்து கடல் தாண்டி பிரான்ஸ். விடியுமுன் கிளம்பி, ராத்திரியே திரும்பி வந்து இதே கட்டிலில் படுக்கிற பயணம். லண்டன்காரர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. டோவரிலிருந்து கலேவுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். நடுவில் இருக்கிற கடல், குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர்தான். காரைக் கப்பலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போகலாம். எங்களுக்குத்தான் பெரிய விஷயம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு லண்டன் விசா வேறு, பிரான்ஸ் விசா வேறு. 29 நாடுகளில் செல்லுபடியாகிற ஷெங்கன் விசாவை ஆளுக்கு 90 யூரோ கட்டணம் கட்டி வாங்கி வைத்திருந்தோம். அதை ஒரே ஒரு பகலுக்குச் செலவழிக்கப் போகிறோமே என்று இவருக்கு ஒரு வாரமாக ஆற்றாமை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாங்கள் போகிற புலோன்-சுர்-மேர், பிரான்சிலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம். அங்கே சந்தை கூடுவது புதனும் சனியும். மாப்பிள்ளைக்கு லீவு சனிக்கிழமைதான். எங்கள் வீட்டுக்காரரோ புரட்டாசி மட்டுமில்லை, வருஷம் பூராவும் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார். தூத்துக்குடியில் பிறந்து, துறைமுகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், பிரான்சின் மீன் ஊருக்குப் போய் ரொட்டி தின்னப் போகிறார்.

சாப்பாடு முடிந்ததும் மகள் ஃபோனை வைத்துக்கொண்டு விதிகளை வாசித்தாள். ஐரோப்பாவில் கோமாரி நோய் தலைகாட்டியதால், 2025 ஏப்ரல் 12 முதல் அங்கிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியோ பால் பொருளோ எதையும் சொந்த உபயோகத்துக்குக்கூடப் பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. சீஸ், வெண்ணெய், ஏன், சீஸ் வைத்த சாண்ட்விச்கூடக் கூடாது. மீறினது பெரிய அளவில் இருந்தால் 5,000 பவுண்டு வரைக்கும் அபராதம். மீனுக்குத் தடையில்லை. ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், காய்கறி கொண்டுவரலாம்.

"ஒயின்?" என்று கேட்டது இவர்தான். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆளுக்கு 18 லிட்டர்ப்பா. 24 பாட்டில்."

"அப்ப எங்க ரெண்டு பேரு தலைக்கும் சேத்து 48 பாட்டிலா?" இவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மாப்பிள்ளை, "இல்ல மாமா, ஆபீஸ் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ஆறு பாட்டில் மட்டும்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஆறாம் நாள், சனி

நாலு மணிக்கெல்லாம் லண்டன் குரோய்டனிலிருந்து கிளம்பிவிட்டோம். டோவரில் கப்பல் ஏறும் முன்பே, இங்கிலாந்து மண்ணிலேயே, பிரெஞ்சுப் போலீஸ் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துவிடுகிறது. அந்த ஏற்பாடு இவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பாரு, இன்னும் டோவர்லதான் நிக்கோம், ஆனா கணக்குப்படி பிரான்சுக்குள்ள வந்துட்டோம்" என்று பேரனுக்குப் பாடம் நடத்தினார். கப்பலில் அவர் கடலைப் பார்க்கவே இல்லை. லாரிகளை எப்படி வரிசையாக அடுக்குகிறார்கள், சங்கிலி எங்கே மாட்டுகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலேயில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். ஒரு மணி நேரம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு மத்தியானம் பலன் கிடைத்தது.

முதல் கடை, கலேயை ஒட்டிய ஒரு ஒயின் கிடங்கு. கிடங்கு என்றால் கிடங்குதான், நம் ஊர் அரிசி மண்டி மாதிரி பெட்டி பெட்டியாக. வாசலில் நின்ற கார்களில் பாதி இங்கிலாந்து நம்பர் பலகை. பிரிட்டனில் மது மீதான வரி அதிகம், அதனால் இங்கே வந்து வாங்கி நிரப்பிக்கொண்டு போவது காலங்காலமாக நடக்கிறதாம். மாப்பிள்ளை ஆறு பாட்டிலோடு நிறுத்திக்கொண்டார். மாமியார் மாமனார் கூட வராத பயணத்தில் எத்தனை வாங்குவார் என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து புலோனுக்கு அரை மணி நேரம். நேராகத் துறைமுகத்தை ஒட்டிய 'கே காம்பெத்தா' கரைக்குப் போனோம். எதிர்க்கரையில் மீன் பதனிடும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பகுதிக்குக் காப்பெக்யூர் என்று பேர். எங்கெங்கோ பிடித்த மீனெல்லாம் லாரியில் இங்கே வந்து, வெட்டி, உறைய வைத்து, ஐரோப்பா முழுக்கப் போகிறது. இந்தக் கரையிலோ சின்னச் சின்னப் பெட்டிக்கடைகள். புருஷனோ மகனோ ராத்திரி பிடித்துவந்ததை வீட்டுப் பெண்கள் காலையில் விற்கிறார்கள். பெரிய மீன்வாடை இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் ஒரு கடையில் நின்றேன். என் வயசுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு. முழங்கை வரை ரப்பர் உறை, காதில் முத்துத் தோடு. பலகையில் நாக்கு மீன், சப்பட்டையான இன்னொரு மீன் முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, கணவாய், அப்புறம் நம் அயிலைக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி ஒரு மீன். அதே பச்சை நீல முதுகு, ஆனால் வரிகள் புலிக்கோடு மாதிரி வளைந்து வளைந்து. மாக்ரோ என்கிறார்கள். கிலோ 6 யூரோ என்று சிலேட்டில் எழுதியிருந்தது.

கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். மகள் பதறிவிட்டாள். "அம்மா, இங்கெல்லாம் தொடக் கூடாதும்மா." அந்த அம்மாள் கோபப்படவில்லை. தானே இன்னொன்றை எடுத்துச் செவுளைப் பிளந்து, ரத்தச் சிவப்பாக இருந்ததை எனக்குக் காட்டி, கட்டைவிரலால் வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் பட்ட பள்ளம் அந்தக் கணமே மேலே வந்துவிட்டது. அதற்கு மேல் எங்களுக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கிலோ போடச் சொன்னோம். குடலெடுக்கவா என்று கத்தியால் கேட்டார், தலையாட்டினேன். அடுத்து தலையை வெட்டக் கத்தியை வைத்தார் பாருங்கள், நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை ஓடிவந்து, "அவெக் லா தெத், அவெக் லா தெத்" என்றார். தலையோடு, தலையோடு. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொன்னார், அவளும் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். பெட்டியில் ஒரு வாரு ஐஸை அள்ளிப் போட்டு, காசு வாங்கிக்கொள்ளவில்லை. மகளுக்குச் சிப்பியில் வருகிற ஸ்கேலப் வேண்டும் என்று ஆசை. அது அக்டோபரில் தொடங்கி மே நடுவோடு முடிந்துவிடுமாம். ஜூனில் வந்து கேட்டால் எங்கே போவது?

இவர் கொஞ்சம் தள்ளி, கப்பல் கயிற்றைக் கட்டுகிற இரும்புக் கட்டையில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சந்தை, மேலே 'பிளாஸ் தால்தோன்' சதுக்கத்தில், ஒரு பழைய மாதா கோவில் காலடியில். ஸ்ட்ராபெரி, பூ, உயிர்க்கோழி, தேன், மார்செய் சோப்புக்கட்டி, மேஜைவிரிப்பு. சோப்பில் நாலு வாங்கினேன். மேஜைவிரிப்பு விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், கரூரில் இதே தினுசு மூன்றில் ஒரு பங்கு.

ஒரு காய்கறிக்காரர் முன்னால் மரத்தட்டில் குவித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. குட்டிக் குட்டிக் கணுவாக, இலையே இல்லாத பச்சைத் தண்டு. ஒன்றை ஒடித்து வாயில் போடச் சொன்னார். உப்பு. உமரி! எங்கள் ஊர் உப்பளக் கரையில் காடாகக் கிடக்கிற அதே உமரி ஜாதி. உமரிக்காடு என்று ஊரே இருக்கிறது. இங்கே அதற்கு சாலிகோர்ன் என்று பேர், தெற்கே சோம் ஆற்று முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறி இறங்குகிற சேற்றில் முளைப்பதைக் கோடையில் கையால் கிள்ளி எடுத்து வருகிறார்கள். மீனுக்குத் தொட்டுக்கொள்ள வெண்ணெயில் வதக்குவார்களாம். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையா காசு குடுத்து வாங்குத?" என்றார். வாங்கினேன், 300 கிராம். தூத்துக்குடிக்காரிக்கு உப்புச் செடியைச் சமைக்கச் சொல்லியா தர வேண்டும்?

சந்தைக்குப் பக்கத்தில் 'ரூ தியேர்' தெருவில் பிலீப் ஒலிவியே சீஸ் கடை. மாப்பிள்ளை இந்தப் பயணத்தையே இதற்காகத்தான் போட்டார் என்பது என் சந்தேகம். கதவைத் திறந்ததும் இவர் வெளியே போய்விட்டார். நான் உள்ளே நின்றேன். கருவாட்டுச் சந்தையில் வளர்ந்த மூக்கு, இதற்கெல்லாம் அசையாது என்று நினைத்தேன். அசைந்தது.

அங்கே வியூ புலோன் என்று ஒரு சீஸ் இருக்கிறது, 'பழைய புலோன்' என்று அர்த்தம். சதுரமாக, செங்கல் நிறத் தோலோடு, மேலே லேசாகப் பிசுபிசுத்துக்கொண்டு. பசும்பாலில் செய்து, பழுக்கும்போது பீரால் கழுவிக் கழுவி எடுக்கிறார்கள். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் மின்னணு மூக்கு ஒன்றை வைத்தும் மனித மூக்குகளை வைத்தும் சீஸ்களை முகர்ந்து பார்த்து, அதிகம் நாறுவது இதுதான் என்று முதல் இடம் கொடுத்தார்கள். மழையில் நனைந்த சாக்கு, அதன் மேல் படுத்த மாடு, அந்த மாட்டைக் கட்டின தொழுவம், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி இருந்தது.

"ஊருக்குக் கொண்டுபோக முடியாது அத்தை. இங்கேயே தின்னு தீத்துடணும்" என்றார் மாப்பிள்ளை. பாதிச் சதுரம் வாங்கினோம். கடைக்காரப் பெண் மூன்று சுற்றுக் காகிதத்தில் மடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

பிறகு மதில் சூழ்ந்த மேல் ஊருக்கு ஏறினோம். நல்ல ஓட்டலில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிடுவதாகத் திட்டம். ஃபோன்கள் எல்லாம் பைக்குள். இவர் வாட்சைப் பார்த்து, "ஒண்ணேகால்தான் ஆகுது, மெதுவா போவோம்" என்றார். காரிலிருந்த கடிகாரமும் அதையேதான் சொல்லியிருந்தது. மதிலுக்குள் நுழைந்து, பேராலயத்தின் கோபுரக் குமிழை அண்ணாந்து பார்த்து (101 மீட்டர், கழுத்து வலித்தது), படம் எடுத்து, முதல் ஓட்டலுக்குள் போனால், ஆள் கையை விரித்தார். சமையலறை மூடிவிட்டது. இரண்டாவது ஓட்டலிலும் அதே பதில். மூன்றாவதில் ஒரு அம்மாள் சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டினார். இரண்டரை.

பிரான்சில் மத்தியானச் சாப்பாடு என்பது பன்னிரண்டுக்குத் தொடங்கி இரண்டுக்கு முடிகிற ஒரு சடங்கு. தவறவிட்டால் ராத்திரி ஏழு மணி வரைக்கும் பெரும்பாலான இடங்களில் அடுப்பே பற்றாது. லண்டனில் எந்நேரமும் தின்று பழகின பேரன் இதை நம்பவே மறுத்தான். ஒரு பொரியல் வண்டி கண்ணில் பட்டது. உருளைக்கிழங்கு வறுவல் சனிக்கிழமைக்கு ஆகாதா என்ன? மாப்பிள்ளை எதற்கும் கேட்டுவிடுவோம் என்று எந்த எண்ணெய் என்று விசாரித்தார். மாட்டுக் கொழுப்பாம். இந்த வடக்குச் சீமையில் அதுதான் பழைய வழக்கம், அதில்தான் ருசி என்று வண்டிக்காரர் பெருமையாகச் சொன்னார். பேரன் மட்டும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டான்.

மிச்சப் பேர் மதில் மேல் ஏறினோம். 13-ஆம் நூற்றாண்டு மதில். மேலே மரநிழலில் சுற்றி நடக்கப் பாதையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள், கீழே ஊரும் துறைமுகமும். சந்தையில் வாங்கின இரண்டு நீள ரொட்டி, ஸ்ட்ராபெரி, அந்தச் சீஸ். இவ்வளவுதான் விருந்து. காகிதத்தைப் பிரித்ததும் அடுத்த பெஞ்சிலிருந்த ஜோடி எழுந்து போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்களே!

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ரொட்டியைப் பிய்த்து, கத்தியால் ஒரு துண்டு வைத்து, மூச்சை அடக்கி வாயில் போட்டேன். உள்ளே போனபிறகு அது வேறு பண்டம். வாடையில் இருந்த முரட்டுத்தனம் நாக்கில் இல்லை. கெட்டியான பாலாடையில் லேசாக உப்பும், கடைசியில் வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனையும். தோலில் மட்டும் சுருக்கென்று ஒரு கசப்பு. இவருக்குப் பசி. பத்தடி தள்ளி நின்றவர் ஐந்தடிக்கு வந்தார், பெஞ்சுக்கு வந்தார், இரண்டு துண்டு தின்றார், மூன்றாவது கேட்டார். அப்போதுதான் மகள், "அப்பா, அது பீர்ல கழுவினது" என்றாள். சனிக்கிழமை.

இவர் மென்றுகொண்டே யோசித்தார். "கழுவினதுதானே? குடிக்கலையே" என்றார். மூன்றாவது துண்டும் போயிற்று.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டுக் கடலோர ரோட்டில் வந்தோம். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இந்தக் கரைக்கு ஓபல் கரை என்று பேர், வெளிச்சம் அடிக்கடி நிறம் மாறுவதால். விமரே என்ற ஊரில் பலவண்ண வீடுகள். 1899-ல் மார்க்கோனி கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பினது அங்கிருந்துதான். ஓத்ரெசெல்லில் தெருவிலேயே டிராக்டர் மேல் படகு நிற்கிறது. துறைமுகம் கிடையாது, தட்டையான அடிப்பாகம் கொண்ட ஃப்ளோபார் என்கிற படகுகளை மணலிலேயே இழுத்து ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இவர் காரை நிறுத்தச் சொல்லி, அந்தப் படகின் அடியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

விசான் ஊரில் ஏழு அடிக்கும் முன்பே ஓட்டல் வாசலில் போய் நின்றோம். ஒரு முறை பட்டது போதும். மட்டிச் சிப்பியும் உருளை வறுவலும்தான் இந்தப் பக்கத்துச் சாப்பாடு. கறுப்பு எனாமல் பானையில் ஆளுக்கு ஒரு பானை, வெங்காயமும் செலரித் தண்டும் வெள்ளை ஒயினும் போட்டு அவித்தது. முள்கரண்டியை எடுத்த என்னைப் பார்த்துப் பரிமாறின பையன் தலையை ஆட்டினான். முதல் சிப்பியைத் தின்றதும் அந்த வெறும் ஓட்டையே இடுக்கி மாதிரிப் பிடித்து அடுத்த சதையைக் கவ்வி இழுக்கச் சொல்லிக் காட்டினான். பானை மூடியைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் ஓடு போடுகிற தட்டு. பத்து சிப்பிக்குள் கை பழகிவிட்டது. அடியில் கிடக்கிற சாறு இருக்கிறதே, அதற்குக் கரண்டி வேண்டாம், ரொட்டியே போதும். கொஞ்சம் மிளகும் சீரகமும் நுணுக்கிப் போட்டிருந்தால் என்று மனசு போனது. அடக்கிக்கொண்டேன். இவருக்கு ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட். இங்கே வறுவல் சூரியகாந்தி எண்ணெய் என்று உறுதி செய்துகொண்டோம். எங்கள் பானையை அவர் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

எட்டரைக்கும் நல்ல வெயில். காப் பிளான் நே மேட்டில், அதாவது 'வெள்ளை மூக்கு', 134 மீட்டர் உயரத்தில், காற்று ஆளைத் தள்ளியது. எதிரே டோவரின் சுண்ணாம்புப் பாறைகள் கோடு மாதிரித் தெரிந்தன. அடுத்த ஊருக்கே பிளெரியோவின் பேர்தான். 1909-ல் அந்த மணலிலிருந்து கிளம்பி, விமானத்தில் இந்தக் கடலை முதலில் தாண்டியவர். பேரன் விமானத்தைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று பார்த்தால் தூங்கிவிட்டிருந்தான். கலேயின் லேஸ் மியூசியத்துக்கு நேரமில்லாமல் போனதுதான் என் குறை. ரவிக்கைக்கு இரண்டு மீட்டர் லேஸாவது வாங்கியிருப்பேன்.

ராத்திரிக் கப்பலில் ஏறும்போதுதான் இவர் வாட்சைத் திருத்தினார், பிரெஞ்சு நேரத்துக்கு. திரும்பிப் போகிற வேளையில் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நடுக்கடலில் மெதுவாக எழுந்து மாப்பிள்ளையிடம் வாட்சைக் காட்டினார். பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம்.

"ஞாயித்துக்கிழமை வந்துட்டுல்லா? அந்த மீன் வறுவல் ஒரு தட்டு வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை."

இங்கிலாந்துக் கணக்கில் அப்போது சனி இரவு பதினொன்று ஐந்து. யாரும் வாய் திறக்கவில்லை.

டோவரில் சுங்கத்துக்காரப் பெண் ஒருவர் எங்கள் காரை ஓரம் கட்டச் சொன்னார். இறைச்சி, பால் பொருள் ஏதாவது? இல்லை. மீன் பெட்டியைத் திறந்து காட்டினோம், தலையசைத்தார். ஆனால் கார் கண்ணாடி இறங்கினதும் அவர் மூக்கு சுருங்கினதை நான் பார்த்தேன். எங்களுக்கும் நாறியது. சீஸ் முழுக்க மதில் மேலேயே தீர்ந்துவிட்டதே! பின்சீட்டில் துழாவினால், பேரன் தன் பையில் அந்த மூன்று சுற்றுக் காகிதத்தை மடித்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் நண்பர்களுக்கு முகரக் கொடுக்கவாம். அந்தப் பெண் காகிதத்தை இரண்டு விரலால் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினார். அவன் வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தான்.

ஏழாம் நாள், ஞாயிறு

பத்து மணிக்குத்தான் எழுந்தோம். மாக்ரோவை இரண்டாக நறுக்கி, தேங்காய் அரைத்து, புளி கரைத்து, நம் குழம்பாகவே வைத்தேன். அயிலையைவிடக் கொழுப்பு அதிகம், குழம்பின் மேல் எண்ணெய் தானாகப் பிரிந்து மிதந்தது. கூடவே உமரியைக் கடுகு, வற்றல் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவி வதக்கினேன்.

இவர் தலையை மட்டும் மூன்று போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை. குழம்புச் சட்டியை வழிக்கும்போதுதான், "அந்தக் கீரையில உப்புப் போட்டியா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். கை பழக்கம்.